வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி: சர் கே.எஸ்.கிருஷ்ணன்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், நாலு பக்கத்துக்குள் இருக்கட்டும் என்று சங்கத்துச் செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல ஹாஸ்டல் நாட்களைப் பற்றி எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மெஸ் சாம்பாரைப் பற்றியும் கல்ச்சுரல்ஸ் கலாட்டாவைப் பற்றியும் என்னைவிட ருசியாக எழுதுகிற சீனியர் அண்ணன்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் சிங்காநல்லூரில் மோட்டார் டெஸ்டிங் செய்து பிழைக்கிற என் தொழிலில் தினமும் கையாளும் ஒரு எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த எண் கிளப்புகிற கேள்விகளோடு வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த ஒரு தமிழரின் கதைதான் இந்தக் கட்டுரை.

அந்த எண் 234.5. சில புத்தகங்களில் 235 என்று இருக்கும். எலக்ட்ரிகல் படித்தவர்களுக்கு இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும். மோட்டாரை முழு லோடில் மணிக்கணக்கில் ஓடவிட்டு, உள்ளே வைண்டிங் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். செப்புச் சுற்றுக்குள்ளே தெர்மாமீட்டரைத் திணிக்க முடியாது. எனவே ஓட்டுவதற்கு முன் வைண்டிங்கின் மின்தடையை அளக்கிறோம், நிறுத்தியவுடன் மறுபடி அளக்கிறோம். 30 டிகிரியில் 2 ஓம் இருந்தது, ஓடி முடித்ததும் 2.6 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 2.6-ஐ 2-ஆல் வகுத்து, 264.5-ஆல் பெருக்கி, 234.5-ஐக் கழித்தால் ஏறக்குறைய 109 டிகிரி வரும். ஏற்றம் 79 டிகிரி. கிளாஸ் பி இன்சுலேஷனுக்கு அனுமதி 80. மோட்டார் மயிரிழையில் பாஸ்!

இந்த 234.5 எங்கிருந்து வந்தது? செப்பின் மின்தடை, சூடு குறையக் குறைய நேர்கோட்டில் குறைகிறது. அந்தக் கோட்டை அப்படியே ஸ்கேல் வைத்துக் கீழே நீட்டினால், பூஜ்யத்துக்கு கீழே 234.5 டிகிரியில் மின்தடை பூஜ்யத்தைத் தொடும். அதுதான் சங்கதி. ஆனால் நிஜமான செப்பு இந்த ஸ்கேல் கோட்டுக்குக் கட்டுப்படாது. அந்தக் குளிரில் கோடு வளைந்துவிடும். எவ்வளவு குளிரவைத்தாலும், செப்பில் கலந்திருக்கும் அசுத்தத்துக்கும் படிகக் கோளாறுக்கும் ஏற்ப ஒரு மிச்சத் தடை நின்றுகொண்டே இருக்கும். பாதரசமோ வேறு மாதிரி. 1911-ல் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் அதைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்தபோது, 4.2 கெல்வின் அருகே, அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரியில், தடை அடியோடு மறைந்து போனது. மீக்கடத்தல் என்று இப்போது நாம் சொல்வது அதைத்தான்.

உலோகம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது, படிகத்துக்குள் வெப்பமும் காந்தமும் மின்சாரமும் எந்தத் திசையில் எப்படிப் போகின்றன என்ற கேள்விகளுக்குள் நம் நாட்டிலிருந்து ஆழமாக இறங்கியவர்களில் முன்வரிசையில் நிற்பவர் கே.எஸ்.கிருஷ்ணன்.

கிராமத்துப் பையன்

காரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ஆம் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். இப்போது அது விருதுநகர் மாவட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், வயலும் தோப்புமாக இருக்கிற ஊர். அப்பா விவசாயி, தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். உள்ளூரிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் படித்துவிட்டு, மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று பையன் மேலே போனான்.

படிப்பு முடிந்ததும் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேதியியல் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. லேப்பில் மாணவர்களுக்குச் செய்முறை காட்டுகிற சின்ன உத்தியோகம்தான். ஆனால் மத்தியான இடைவேளையில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். இயற்பியல், வேதியியல், கணிதம் எதில் வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் சந்தேகம் கேட்கலாம். அட்டெண்டன்ஸ் கிடையாது, சிலபஸ் கிடையாது. மற்றக் கல்லூரி மாணவர்களும் தேடி வரும் அளவுக்கு அந்த மத்தியான வகுப்பு பிரபலமாயிற்று. நம் கல்லூரியிலும் அப்படிச் சாப்பாட்டு நேரத்தை நமக்காகத் தியாகம் செய்த ஆசிரியர்கள் உண்டு. பேர் சொன்னால் அவர்களுக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன்.

1920-ல் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குப் போனார். 1923-ல் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி.வி.ராமனிடம் சேர்ந்தார். திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதுதான் வேலை. கணக்கில் கெட்டிக்காரர் என்பதால் கொஞ்ச காலத்தில் கோட்பாட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டார். 1928 தொடக்கத்தில் ராமன் அவரைப் பிடித்து இழுத்து, மறுபடி சோதனை மேஜைக்குக் கொண்டுவந்தார். விஞ்ஞானி என்றால் கையால் பரிசோதனை செய்யாமல் நெடுநாள் இருக்கக் கூடாது என்பது ராமனின் கட்சி.

அந்தப் பிப்ரவரி மாதத்தில் நடந்தது உலகத்துக்கே தெரியும். திரவத்துக்குப் பின் திரவமாக, ஆவிக்குப் பின் ஆவியாக இருவரும் பார்த்தார்கள். உள்ளே போன ஒளியின் நிறம் வேறு, சிதறி வருகிற ஒளியில் கலந்திருக்கிற நிறம் வேறு. நேச்சர் பத்திரிகையில் மார்ச் 31 இதழில் வந்த அறிவிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருக்கின்றன. 1930-ல் வந்த நோபல் பரிசில் ராமன் ஒருவர் பெயர்தான் இருந்தது.

இதைப் பற்றி இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரச்சினையைத் தேர்ந்தெடுத்ததும், வருஷக் கணக்கில் அதைத் துரத்தியதும், கூடத்தை நடத்தியதும் ராமன். அந்த வாரங்களில் கருவிக்கு முன்னால் கண்ணை வைத்திருந்தவர் கிருஷ்ணன். ஆபீஸில் பிராஜக்ட் முடிந்து பெயர் வேறொருவருக்குப் போகிற அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். இப்படி ஒரு சமாசாரம் ஒரு மனிதனை வாழ்நாள் முழுக்கப் புளிக்கவைத்துவிடும். கிருஷ்ணன் என்ன செய்தார் என்பதில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை அதிகம். பரிசு அறிவிப்பு வருவதற்கு முன்பே, 1928 டிசம்பரிலேயே அவர் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடராகச் சேர்ந்துவிட்டார். அங்கே இயற்பியல் துறையில் சத்யேந்திரநாத் போஸ் இருந்தார். கிருஷ்ணன் ஒளிச் சிதறலை விட்டுவிட்டு முற்றிலும் புதிய வயலில் ஏர் பூட்டினார்.

நூலில் தொங்கிய படிகம்

அந்த வயல், படிகங்களின் காந்தக் குணம். ஒரு படிகத்தின் அணுக்கள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி அடுக்கப்பட்டிருப்பதில்லை. அதனால் காந்தத்துக்கு அது காட்டும் எதிர்வினையும் திசைக்குத் திசை மாறும். இந்த வேறுபாட்டை எப்படி அளப்பது? நெல்மணி அளவுகூட இல்லாத படிகம். காந்த விசையோ மிக மிக அற்பம்.

கிருஷ்ணனும் அவருடைய மாணவர்களும் செய்த ஏற்பாட்டை நம்ம ஊர் பட்டறைக்காரர் பார்த்தால் ரசிப்பார். தலைமுடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழை. அதன் நுனியில் படிகம். இரண்டு பக்கமும் காந்தம். படிகம் தனக்குப் பிடித்த திசையில் நிலைத்து நிற்கும். மேலே இழையைப் பிடித்திருக்கும் தலையை மெதுவாகத் திருகிக்கொண்டே போக வேண்டும். இழை முறுக்கேறும், படிகம் விடாப்பிடியாக நிற்கும். ஒரு கட்டத்தில் காந்தத்தின் பிடி தோற்று, படிகம் சடாரென்று புரண்டுவிடும். அந்தக் கோணத்தைக் குறித்துக்கொண்டால் போதும், காந்தக் குணம் இரண்டு திசையிலும் எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். அற்ப விசையை நேரடியாக அளக்க முடியாது என்பதால், ஒரு பெரிய, கண்ணுக்குத் தெரிகிற புரளலாக அதை மாற்றினார்கள். டெஸ்டிங் வேலையில் இருக்கிறவர்கள் இந்த ஐடியாவைச் சும்மா விட்டுவிடக் கூடாது.

1933-ல் கல்கத்தாவுக்கே திரும்பி, மகேந்திரலால் சர்க்கார் பெயரிலான பேராசிரியர் பதவியை ஏற்றார். கிராஃபைட்டை எடுத்துக்கொண்டார். பென்சிலில் இருக்கிற அதே கிராஃபைட்தான். அதில் கார்பன் அணுக்கள் அடுக்கி வைத்த அப்பளம் போலத் தட்டுத் தட்டாக இருக்கின்றன. தட்டுக்குச் செங்குத்தான திசையில் காந்தத்தை அது விலக்கித் தள்ளுகிற வேகம், தட்டின் போக்கில் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு அதிகம் என்று அளந்து காட்டி, தட்டுக்குள் சுதந்திரமாக ஓடுகிற எலெக்ட்ரான்கள்தான் அதற்குக் காரணம் என்று விளக்கினார். காந்த உப்புகளைத் திரவக் காற்றின் குளிர்வரை கொண்டுபோய் அளந்த வேலையும் இந்தக் காலத்தில் நடந்தது. அத்தகைய உப்புகளைக் காந்தப்படுத்திப் பிறகு காந்தத்தை விலக்கினால் மேலும் குளிரும் என்பதை வைத்துத்தான் 1933-ல் மேல்நாட்டில் ஒரு கெல்வினுக்கும் கீழே இறங்கியிருந்தார்கள். உப்புக்குள் இருக்கும் அணுவின் ஆற்றல் படிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதுதான் எவ்வளவு தூரம் குளிரும் என்பதை முடிவு செய்யும். கிருஷ்ணனின் அளவுகள் அந்தப் படிகளைப் பற்றித்தான் பேசின.

1937-ல் ரூதர்போர்டின் அழைப்பின் பேரில் கேம்பிரிட்ஜ் போனார். அதே 1937-ல்தான் நம்ம கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் மின் மோட்டார் செய்து காட்டினார்கள். பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகிக்கொண்டிருந்த நேரம். ஒரு பக்கம் மின்சாரம் செப்புக்குள் எப்படி ஓடுகிறது என்று கேட்ட தமிழர், இன்னொரு பக்கம் அதை ஓடவிட்டு சக்கரம் சுற்றவைத்த கொங்குத் தமிழர்கள். இரண்டும் ஒரே காலத்துக் கதை.

அலகாபாத்தும் டெல்லியும்

1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். அங்கே ஏ.பி.பாட்டியாவோடு சேர்ந்து உலோகங்களின் மின்தடையைக் கையில் எடுத்தார். என் 234.5-க்கு நெருக்கமான இடம் இதுதான். உலோகத்துக்குள் ஓடும் எலெக்ட்ரானை ஓர் அலையாகப் பார்த்தால், தடை என்பது அந்த அலை அணுக்களின் ஒழுங்கின்மையில் மோதிச் சிதறுவதுதான். சூடு ஏற ஏற அணுக்கள் அதிகம் ஆடும், அலை அதிகம் சிதறும், தடை ஏறும். திரவத்தில் ஒளி சிதறுவதைக் கல்கத்தாவில் வருஷக் கணக்கில் படித்த மனுஷர் அல்லவா? உருகிய உலோகத்தில் எலெக்ட்ரான் சிதறுவதையும் அதே கண்ணோடு பார்த்தார். 1961-ல் ஸைமன் என்ற ஆங்கிலேயர் திரவ உலோகங்களின் தடைக்கு முழுக் கோட்பாடு தந்தபோது, அதற்கு வெகு முன்பே இந்தப் பாதையில் இவர்களின் காலடி இருந்தது.

1946-ல் சர் பட்டம். 1947 ஜனவரி 4-ஆம் தேதி டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அதன் முதல் டைரக்டராகக் கிருஷ்ணன் நியமிக்கப்பட்டார். 1950 ஜனவரி 21-ஆம் தேதி சர்தார் பட்டேல் அதைத் திறந்துவைத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஐம்பதை நெருங்கும் வயதில், உலகம் மதிக்கிற ஆராய்ச்சியாளர், கட்டடம், பட்ஜெட், ஆள் எடுப்பு, கமிட்டி என்று போவது லாபமா நஷ்டமா? கோப்புகளுக்கு நடுவே அவர் ஆராய்ச்சியை விட்டுவிடவில்லை. மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வெற்றிடத்தில் சூடாகும்போது அதன் நீளத்தில் வெப்பம் எப்படிப் பரவி நிற்கும் என்பதை எஸ்.சி.ஜெயினோடு சேர்ந்து ஆராய்ந்தது 1950-களில்தான். ஆனாலும் முன்பிருந்த முழு நேரம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கொடுத்த நேரத்துக்கு நாட்டுக்குக் கிடைத்தது என்ன என்று பார்க்கலாம்.

ஒன்று, அளவுகள். 1956-ல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தது. 57-ஆம் எண் கொண்ட கிலோகிராம் மூலப்படி 1958-ல் இந்தியாவுக்கு வந்து இந்த ஆய்வுக்கூடத்தில் வைக்கப்பட்டது. 2019-ல் கிலோகிராமுக்குப் புது வரையறை வரும்வரை, சிங்காநல்லூர் உழவர் சந்தைத் தராசும் கடைசியில் போய் நிற்கிற இடம் அந்த உருளைதான். எங்கள் டெஸ்ட் பெஞ்சில் இருக்கிற மீட்டர்களின் காலிபரேஷன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் இன்றைக்கும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் முடியும்.

இரண்டு, குளிர். 1952-ல் இந்தியாவின் முதல் ஹீலியம் திரவமாக்கி அங்கே வந்தது. கேம்பிரிட்ஜிலிருந்து டேவிட் ஷோன்பெர்க் வந்து வழிகாட்டினார். சுதந்திரம் வாங்கி அஞ்சு வருஷம்கூட முழுசாக நிறையவில்லை, சோத்துக்கே ரேஷன் இருந்த நாடு. அதில் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி எதுக்குங்க என்று கேட்டிருந்தால், நியாயமான கேள்வி என்றுதான் பலரும் சொல்லியிருப்பார்கள்.

கிருஷ்ணன் 1954-ல் பத்மபூஷண் பெற்றார். 1958-ல் பட்நாகர் பரிசின் முதல் விருதாளரும் அவரே. தமிழ், சமஸ்கிருத இலக்கியத்தில் அவருக்கு இருந்த ஈடுபாடு கடைசிவரை குறையவில்லை. 1961 ஜூன் மாதம், 62 வயதில் காலமானார்.

அவர் பார்க்காத அறுவடை

கால் நூற்றாண்டு கழித்து, 1986-ல், ஸூரிக்கில் பெட்னார்ஸ், முல்லர் இருவரும் ஒரு செராமிக் பொருளில் 30 கெல்வினுக்கு மேலேயே மீக்கடத்தலின் அறிகுறியைக் கண்டார்கள். 1987-ல் இட்ரியம், பேரியம், செப்பு, ஆக்ஸிஜன் சேர்ந்த பொருள் 90 கெல்வினைத் தாண்டியது. 77 கெல்வினில் கொதிக்கிற திரவ நைட்ரஜனே போதும் என்று ஆயிற்று. உலகமே பரபரத்தது. இந்தியாவில் டெல்லி, பெங்களூர், பம்பாய், கல்பாக்கம், சென்னை என்று ஆய்வுக்கூடங்கள் உடனே களத்தில் இறங்கின. குளிர் இயற்பியலில் பழகிய கைகள் நாட்டில் ஏற்கெனவே இருந்தன. அதே 1987-ல் பிரின்ஸ்டனில் ஆண்டர்சனோடு சேர்ந்து இதற்கு ஒரு முக்கியமான கோட்பாட்டை எழுதியவர் ஜி.பாஸ்கரன். அவரும் மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவர்!

இந்தப் புதுப் பொருள்கள் கிருஷ்ணனுக்கு என்றே செய்தது போன்றவை. கிராஃபைட் மாதிரியே இவையும் தட்டுத் தட்டானவை. செப்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்த தட்டில் மின்சாரமும் வெப்பமும் சுலபமாக ஓடும், தட்டுக்குக் குறுக்கே தடுமாறும். எந்தத் திசையில் அளந்தாய் என்று சொல்லாமல் இங்கே எந்த எண்ணுக்கும் அர்த்தமில்லை.

வெப்பக் குணங்களை ஏன் மிகக் குறைந்த குளிரில் போய் அளக்கிறார்கள் என்று தம்பி, தங்கைகள் கேட்கலாம். 90 கெல்வினில் அணுக்களின் ஆட்டமே பெரும்பாலான வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். எலெக்ட்ரான்கள் மீக்கடத்தலுக்கு மாறும்போது வெப்ப ஏற்புத் திறனில் வரும் துள்ளல் மொத்தத்தில் சில சதவீதம்தான். திருவிழாக் கூட்டத்தில் குழந்தை அழுகிற மாதிரி. ஆனால் அணுக்களின் பங்கு வெப்பநிலையின் மும்மடிப் பெருக்கத்தில் குறைகிறது. வெப்பநிலையைப் பாதியாக்கினால் அது எட்டில் ஒரு பங்கு. சில கெல்வினுக்கு இறங்கினால் கூட்டம் கலைந்து, குழந்தையின் குரல் கேட்கும். பழைய மீக்கடத்திகளில் அந்தக் குளிரில் எலெக்ட்ரான்கள் வெப்பத்தைச் சுமப்பது அறவே நின்றுவிடும். இந்தச் செராமிக்குகளில் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது. சில குறிப்பிட்ட திசைகளில் எலெக்ட்ரான் ஜோடிகளின் பிணைப்பு பூஜ்யமாகிவிடுகிறது என்பதற்கு அது சாட்சி. 1990-களில் வந்த இந்த வெப்ப அளவுகள், மீக்கடத்தலின் அடிப்படை வடிவத்தையே காட்டிக்கொடுத்தன.

உபயோகம் என்ன? செப்பில் மின்சாரம் நன்றாகப் போனால் வெப்பமும் நன்றாகப் போகும், இரண்டையும் பிரிக்க முடியாது. 4 கெல்வினில் இருக்கும் காந்தத்துக்குச் செப்புக் கம்பியில் மின்சாரம் அனுப்பினால், அதே கம்பி வழியாக வெளிச்சூடு உள்ளே இறங்கி ஹீலியத்தைக் கொதிக்கவைக்கும். இந்தச் செராமிக்கோ மின்சாரத்தைத் தடையில்லாமல் விடும், வெப்பத்தைக் கொஞ்சமாகத்தான் விடும். ஜெனிவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தின் பெரிய துகள் மோதுவியில், காந்தங்களுக்கு மின்சாரம் இறக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் இந்தப் பொருள்தான் இருக்கிறது. யாரோ பொறுமையாக அளந்து வைத்த வெப்பக் கடத்து எண்களை நம்பித்தான் ஒரு எஞ்சினியர் அதை டிசைன் செய்தார்.

மாணவ நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். நம்ம ஊர் ஒரு பொருளைப் பார்த்தால் அதேபோல் செய்துவிடும், அதைவிடச் சகாயமாகவும் செய்துவிடும். அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் நாளைக்கு ஒரு வாட் மின்சாரம் குறைவாகத் தின்கிற மோட்டாரை யார் செய்கிறார்களோ அவர்களுக்குத்தான் ஆர்டர். அந்த ஒரு வாட்டைக் கண்டுபிடிக்க, அளக்கத் தெரிய வேண்டும். ஃபார்முலா ஷீட்டில் ஒரு எண் இருந்தால் அது எங்கிருந்து வந்தது, எந்த எல்லைவரை செல்லும் என்று கேட்கத் தெரிய வேண்டும். வத்திராயிருப்பில் பிறந்த ஒருவர் ஒரு குவார்ட்ஸ் இழையை வைத்துக்கொண்டு அதைத்தான் செய்தார். பெயர் கிடைக்காத இடத்தில் நின்று முணுமுணுக்காமல், அடுத்த மேஜைக்குப் போய் அடுத்த படிகத்தைத் தொங்கவிட்டார். நம் கல்லூரி லேப்பிலும் மேஜைகள் காலியாகத்தான் இருக்கின்றன. மத்தியான இடைவேளையில் கதவு திறந்திருக்கும், போங்க.